கேட்டுட்டுக் கிளம்புங்க: நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை

போன இதழில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தையைப் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் பேச்சே எடுக்காமல் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிற சிலர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு டிசம்பர் 24-ஐ ஒட்டித்தான் விடுகிறார்கள். 25 காலையில் நியூரம்பெர்க்கில் இறங்கி, சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புத்தாண்டுக்குள் வீடு திரும்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரிதானே? (கோயம்புத்தூர்)

சரியில்லைங்க. டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். நியூரம்பெர்க் சந்தை 24-ஆம் தேதி மதியம் 2 மணிக்கு முடிந்துவிடும். நீங்கள் 25 அன்று போனால் கடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் சதுக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். அது மட்டுமா, 24 மதியத்துக்கு மேல் ஊர்க் கடைகளும் மூடிவிடுவார்கள், 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை, பால் பாக்கெட் வாங்கவே ரயில் நிலையத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

நம்மில் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தை என்றால் கிறிஸ்துமஸ் அன்று இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே. ஆனால் ஜெர்மனியில் இது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துக்கான சந்தை. முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தொடங்கும், அதாவது பெரும்பாலும் நவம்பர் கடைசியில். பண்டிகை வந்ததும் சந்தைக்கு வேலை இல்லை, எல்லாரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

உங்கள் தேதியை மாற்றவே முடியாது என்றால் ஊரை மாற்றுங்கள். பிராக் நகரத்தின் பழைய சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் சந்தை ஜனவரி 1 வரை. வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனை முன்னால் போடுகிற சந்தையும் புத்தாண்டைத் தாண்டி ஓடுகிறது. இல்லை, நியூரம்பெர்க்தான் என்று பிடிவாதமாக இருந்தால் பக்கத்து ஊரான பாம்பெர்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கோயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் கிறிஸ்துமஸ் குடில்கள் வைத்து, ஒவ்வொன்றாக நடந்து பார்க்கிற மாதிரி பாதை போட்டிருப்பார்கள். அது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் இருக்கும். குழந்தைகளுக்கு அது சந்தையைவிடவே பிடித்துப்போகலாம்.

திறப்பு விழாவன்று போனால் விசேஷமாமே? (சென்னை, அண்ணா நகர்)

விசேஷம்தான், ஆனால் கூட்டம் தாங்காது. அந்த வெள்ளிக்கிழமை மாலை 5.30 மணிக்குச் சதுக்கத்தின் விளக்குகளை அணைப்பார்கள். மாதா கோயில் முகப்பு மாடத்தில் வெளிச்சம் விழும். தங்க நிறச் சுருள் முடியும் உயரமான கிரீடமும் வைத்த ஒரு இளம்பெண் அங்கே வந்து நின்று, 1948-இல் எழுதப்பட்ட ஒரு வரவேற்புக் கவிதையை மனப்பாடமாகச் சொல்வாள். சந்தையை மரத்தாலும் துணியாலும் ஆன குட்டி நகரம் என்று அதில் வரும். கடைகள் எல்லாமே மரச் சட்டத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரை போட்டவை என்பதால் அந்த வரி அப்படியே பொருந்தும்.

அந்தப் பெண்ணுக்கு கிறிஸ்ட்கிண்ட் என்று பெயர், குழந்தை இயேசு என்பதுதான் பொருள், எப்படிப் பெண் தேவதையாக மாறியது என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. முதலில் நாடக நடிகைகள் இந்த வேடம் போட்டார்கள். 1969 முதல் நகரத்துப் பெண்களில் ஒருத்தியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். வயது 16 முதல் 19-க்குள், நியூரம்பெர்க்காரியாக இருக்க வேண்டும், உயரத்துக்குப் பயப்படக் கூடாது, மழையோ குளிரோ தினமும் முதியோர் இல்லம், மருத்துவமனை என்று சுற்ற வேண்டும்.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் பெரிதாக வராத ஒரு விஷயம் சொல்கிறேன். 2019-இல் தேர்வானவர் பெனிக்னா முன்ஷி. அவருடைய அப்பா இந்தியர். தேர்வான உடனே, வெளிநாட்டார் குடியேறுவதை எதிர்க்கிற தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் ம்யூனிக் புறநகர்க் கிளை ஒன்று, செவ்விந்தியர்களுக்கு நேர்ந்த கதி நமக்கும் நேரும் என்கிற மாதிரி முகநூலில் எழுதியது. ஊரே திரண்டு அந்தப் பெண்ணுக்காகப் பேசியது, பதிவையும் நீக்கிவிட்டார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவர்தான் கிறிஸ்ட்கிண்ட். பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு பதினேழு வயசுப் பிள்ளை நிறத்துக்காகக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் உண்மை, ஊர் அவளை விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். திறப்பைப் பார்க்க வேண்டுமானால் 3 மணிக்கே போய் இடம் பிடியுங்கள். சின்னக் குழந்தை, வயசானவர்கள் கூட இருந்தால் வேண்டாம். அடுத்து வருகிற திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் காலை 11 மணி வாக்கில் போனால் கடைக்காரர் நின்று பேசுகிற அளவுக்கு நேரம் இருக்கும். சனிக்கிழமை மாலை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

படங்களில் பார்த்தால் கோட்டை, கோயில், மர வீடு எல்லாம் நானூறு ஐந்நூறு வருஷப் பழசு மாதிரி தெரிகிறது. எல்லாம் நிஜமாகவே பழசா, சினிமா செட்டா? (திருச்சிராப்பள்ளி)

நல்ல கேள்வி. இரண்டும் இல்லை என்பதுதான் பதில்.

1945 ஜனவரி 2 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு போட்டன. பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரு தாக்குதலில் போய்விட்டது. நீங்கள் இன்றைக்குப் பார்க்கிற தெருக்களில் பெரும்பாலான கட்டடங்கள் போருக்குப் பிறகு எழுந்தவை. ஆனால் செட் போடவில்லை. பழைய தெருக்கோடு அப்படியே இருக்கட்டும், கூரையின் சரிவும் உயரமும் பழைய மாதிரி இருக்கட்டும், அதே செந்நிற மணற்கல்லை முடிந்தவரை பயன்படுத்துவோம், மற்றபடி வீடு சாதாரண ஐம்பதுகளின் வீடாக இருந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். பெரிய கோயில்களையும் கோட்டையையும் மட்டும் கல் கல்லாகச் சேர்த்துத் திருப்பிக் கட்டினார்கள். செபால்டு கோயிலுக்குள் போனால் இடிபாட்டுக் காலத்துப் புகைப்படங்களை மாட்டியிருக்கிறார்கள். படத்தில் கூரை இல்லை, நிமிர்ந்து பார்த்தால் கூரை இருக்கிறது. தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கருத்த கல்லும் வெளுத்த கல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1509-இல் வாங்கி 1528-இல் சாகும்வரை வாழ்ந்த வீடு கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். வைஸ்கெர்பெர்காஸெ என்று தோல் பதனிடுகிறவர்கள் வாழ்ந்த ஒரு வளைந்த தெரு, மரச்சட்ட வீடுகளோடு ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. சந்தைக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள், நீங்கள் போங்கள்.

சந்தை நடக்கிற இடத்துக்கே ஒரு கதை இருக்கிறது, அதை விளம்பரப் புத்தகத்தில் சின்ன எழுத்தில் போடுவார்கள். இந்தச் சதுக்கம் ஒரு காலத்தில் யூதர் குடியிருப்பு. 1349 டிசம்பர் 5 அன்று, மன்னர் நான்காம் சார்லஸ் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க, அங்கிருந்த யூதர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளை இடித்துச் சந்தைச் சதுக்கம் ஆக்கினார்கள், ஜெப ஆலயம் நின்ற இடத்தில் மாதா கோயில் எழும்பியது. தினமும் மதியம் 12 மணிக்கு அந்தக் கோயில் முகப்பில் கடிகாரப் பொம்மைகள் சுற்றும், எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். ஏழு சிற்றரசர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும் மன்னரை மூன்று முறை வலம் வருகிற அந்தக் காட்சியில், நடுவில் இருப்பவர் அதே நான்காம் சார்லஸ்தான். தெரிந்துகொண்டு பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சந்தை எவ்வளவு பழசு என்றும் கேட்டிருந்தீர்கள். கையில் இருக்கிற பழைய சான்று ஒரு மரப்பெட்டி, சந்தையில் வாங்கிப் பரிசாக அனுப்பியது என்று அடியில் எழுதி 1628 என்று வருஷம் போட்டிருக்கிறது. ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் சந்தை வேறு வேறு இடங்களுக்கு அலைந்தது, 1933-இல் நாஜிகள்தான் அதை மறுபடி இந்தச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து பெரிய தேசிய விழாவாக ஆக்கினார்கள். போரில் நின்றுபோய் 1948-இல் இடிபாடுகளுக்கு நடுவில் மறுபடி தொடங்கியது.

சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பட்டினிதானா? (மதுரை)

பட்டினி இல்லை, ஆனால் சந்தையை நம்பி வயிற்றைக் காயப் போடாதீர்கள். சூடாக வறுத்துக் காகிதக் கூம்பில் தருகிற செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம், இவை இரண்டையும் தயங்காமல் வாங்கலாம். உருளைக்கிழங்கைத் துருவித் தோசை மாதிரி பொரித்து ஆப்பிள் கூழோடு கொடுப்பார்கள், மணம் ஆளைக் கூப்பிடும், ஆனால் பெரும்பாலும் மாவில் முட்டை இருக்கும். லெப்குகன் என்கிற தேன் மசாலா கேக்கிலும் முட்டை உண்டு. ‘ஓன ஐ’ என்று கேளுங்கள், முட்டை இல்லாமல் என்று அர்த்தம், கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார். இரவுச் சாப்பாட்டுக்கு இத்தாலியக் கடையோ இந்தியக் கடையோ நகரத்தில் தாராளமாக உண்டு. சமையலறை இருக்கிற தங்குமிடமாகப் பார்த்து, கூடவே ஒரு புளிக்காய்ச்சல் பாட்டில் எடுத்துப் போனால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

பன்றி இறைச்சியும் மதுவும் இல்லாமல் சந்தையில் என்ன சாப்பிடுவது? (மேலப்பாளையம்)

அந்த ஊரின் பெருமையே விரல் நீளச் சாசேஜ்தான், அது முழுக்கப் பன்றி இறைச்சி. ஒரு ரொட்டிக்குள் மூன்று வைத்துத் தருவார்கள், 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளம் என்று ஐரோப்பியச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு வடை மாதிரி சமாசாரங்களைக் கூட எந்த எண்ணெயில், எந்தச் சட்டியில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். குடிக்க கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், பழச்சாறும் பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய பானம், மது கிடையாது. க்ளூவைன் என்று எழுதியிருந்தால் அது மசாலா போட்ட திராட்சை மது, ப்ளூபெர்ரிப் பழத்தில் செய்ததும் இங்கே பிரபலம், பெயரைப் பார்த்துப் பழரசம் என்று ஏமாந்துவிட வேண்டாம். சில இனிப்புகளிலும் ரம் சேர்ப்பார்கள், ‘ஆல்கஹோல்’ என்ற சொல் பலகையில் இருக்கும். ஹலால் சாப்பாட்டுக்கு ரயில் நிலையத்தைச் சுற்றித் துருக்கிக் கடைகள் இருக்கின்றன.

என் மாமியாருக்கு 68 வயது. புடவை தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். அந்தக் குளிரில் முடியுமா? (தஞ்சாவூர்)

தாராளமாக முடியும்மா. டிசம்பரில் பகலில் 3, 4 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். புடவைக்குள்ளே கணுக்கால் வரை தெர்மல் கால்சட்டை, மேலே முழுக்கை தெர்மல், அதன் மேல் ரவிக்கை, கம்பளி கார்டிகன், கடைசியாக முழங்கால் தாண்டுகிற கோட். பட்டும் கனமான பருத்தியும் பரவாயில்லை, ஷிஃபான் வேண்டாம். புடவையைக் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே கட்டச் சொல்லுங்கள், தெரு ஈரமாக இருக்கும், கரை நனைந்தால் அந்த ஈரம் மேலே ஏறி நாள் முழுக்க உயிரை எடுக்கும்.

எல்லாரும் உடம்புக்கே பார்த்துப் பார்த்து வாங்குவார்கள், குளிர் ஏறுவது காலில். சந்தையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், அதுவும் கல் பாவிய தரையில். அதனால் கம்பளிக் காலுறையும் அடித்தோல் தடிமனான ஷூவும் வேண்டும். ஷூ ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும், காலுறை இறுகினால் குளிர் கூடும். செருப்புப் பழகிய காலுக்கு ஷூவை ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடக்க வைத்துப் பழக்குங்கள், கொப்புளம் வந்தால் பயணமே போச்சு. அப்புறம், கடைக்குள்ளேயும் ரயிலுக்குள்ளேயும் சூடேற்றியிருப்பார்கள், கழற்றிக் கழற்றிப் போட வசதியான உடையாக இருக்க வேண்டும். உட்கார வேண்டும் என்றால் கோயில்களுக்குள் போகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

குடிக்கிற பீங்கான் குவளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா? ஒரு நண்பர் அது திருட்டு என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். (ஈரோடு)

பானத்தின் விலையோடு குவளைக்கும் சில யூரோ முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், கொடுக்காவிட்டால் குவளை உங்களுடையது. திருட்டெல்லாம் இல்லை. காலணி வடிவத்தில் ஒரு குவளை இந்த ஊரில் பிரபலம், பலர் அதற்காகவே வாங்குவார்கள். இரண்டாவது ஆசாமி ஜெயித்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

நியூரம்பெர்க்கில் எங்கட இடத்தின் பெயரிலும் ஏதோ தொடர்பு இருக்கென்று கேள்விப்பட்டேன். உண்மையோ? (மட்டக்களப்பு)

உண்மைதான். சுனாமிக்குப் பிறகு, 2005-இல் நியூரம்பெர்க் நகராட்சி உங்கள் மாவட்டத்துக் கல்குடாவோடு நட்புறவு வைத்துக்கொண்டது. பெரிய சந்தைக்குப் பக்கத்திலேயே, நகராட்சிக் கட்டடத்தின் முன்னால், நியூரம்பெர்க்கோடு உறவு வைத்திருக்கிற ஊர்களுக்கென்று தனிச் சந்தை ஒன்று போடுவார்கள். பிராக், கிராக்கோ, கிளாஸ்கோ, கிரேக்கத்துக் கவாலா என்று ஒவ்வொரு ஊரும் தன் பொருளைக் கொண்டுவந்து விற்கும். என்னைக் கேட்டால் பிரதான சந்தையைவிட இதில்தான் பேச்சுத்துணை அதிகம், விற்கிறவர்களில் பலர் தொழில்முறை வியாபாரிகள் இல்லை. அந்தப் பக்கம் போனால் ஒவ்வொரு கடைப் பெயர்ப்பலகையையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போங்கள்.

என்ன வாங்கி வரலாம்? எல்லாம் சீனப் பொருள்தான் என்கிறார்களே? (சேலம்)

எல்லாம் அப்படி இல்லை. இந்தச் சந்தையில் நகராட்சியின் கெடுபிடி அதிகம்: பிளாஸ்டிக் தோரணம் கட்டக் கூடாது, பதிவு செய்த பாட்டை ஓடவிடக் கூடாது. நன்றாக அலங்கரித்த கடைகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பரிசு உண்டு. பரிசின் பெயரே இங்கே விற்கிற ஸ்வெட்ச்கன்மென்லே என்ற ஒரு பொம்மையின் பெயர்: உலர்ந்த ப்ளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கை கால் ஆக்கி, வால்நட்டில் முகம் வரைந்து, சட்டை தொப்பி போட்ட குட்டி மனிதன். கிட்டப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு முகம். மருத்துவர், சமையல்காரர், தம்பதி என்று விதவிதமாக இருக்கும். அதை வாங்குங்கள். பெட்டியில் மேலே வையுங்கள், நம் ஊர் எறும்புக்கு மட்டும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெப்குகன் வாங்கினால் எலீஸன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் கொட்டைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தகர டப்பாவில் வாங்கினால் பொங்கல் வரை தாங்கும். மெத்தென்று, ஏலமும் கிராம்பும் பட்டையுமாக இருக்கும். இந்த மசாலாவெல்லாம் கடல் தாண்டி அந்த ஊருக்கு எப்படிப் போனது என்றால், நியூரம்பெர்க் வியாபாரிகள் முதலில் வெனிஸ் வழியாக வாங்கினார்கள். கடல் வழி திறந்ததும் விடவில்லை. 1505-இல் அல்மெய்டா என்ற போர்ச்சுக்கீசியத் தளபதியின் தலைமையில் போர்ச்சுக்கல்லிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல்களில் ஹிர்ஷ்ஃபோகல், இம்ஹோஃப் என்ற நியூரம்பெர்க் குடும்பங்களின் பணமும் இருந்தது. மலபார் மிளகுக்காகத்தான். அந்தக் கப்பல்களோடு பீரங்கியும் வந்தது என்பதை நாம் மறக்க முடியாது, கேக் மட்டும் நன்றாகவே இருக்கிறது.

கண்ணாடி உருண்டை, மர பொம்மை வாங்கும்போது எங்கே செய்தது என்று கேளுங்கள், நேராகப் பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடையிலும் கார்டு ஓடாது.

நாங்கள் கத்தோலிக்கர். திருப்பலிக்குப் போக முடியுமா? பெரிய கோயில்கள் எல்லாம் வேறு சபையாமே? (தூத்துக்குடி)

சதுக்கத்திலேயே இருக்கிற மாதா கோயில் கத்தோலிக்கக் கோயில்தான், திருப்பலி உண்டு. லோரன்ஸ் கோயிலும் செபால்டு கோயிலும் லூத்தரன் சபையைச் சேர்ந்தவை, இந்த ஊர் 1525-லேயே மார்ட்டின் லூதர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் பழைய சிற்பங்களை உடைக்கவில்லை. லோரன்ஸ் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள்: கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்கிற காட்சி, ரோஜா மாலை வளையத்துக்குள், கூரையிலிருந்து அந்தரத்தில் தொங்கும். ஃபைட் ஷ்டோஸ் 1518-இல் மரத்தில் செதுக்கியது. ஜெபமாலை சொல்கிற உங்கள் வீட்டுப் பாட்டிக்கு யாரும் விளக்க வேண்டியதே இருக்காது.

சட்டக் கல்லூரி மாணவன். எனக்குச் சந்தை இரண்டாம் பட்சம், விசாரணை நடந்த நீதிமன்றத்தைப் பார்க்க முடியுமா? (கும்பகோணம்)

முடியும் தம்பி, அதற்காகவே ஒரு பகலை ஒதுக்கு. நகரத்தின் மேற்கே நீதிமன்ற வளாகத்தில் அறை எண் 600. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை இங்கேதான் நாஜித் தலைவர்களை விசாரித்தார்கள். 12 பேருக்கு மரண தண்டனை, 3 பேர் விடுதலை. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நான்கிலும் காதுக் கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்த்தது அவ்வளவு பெரிய அளவில் அதுதான் முதல் முறை. மேல் மாடியில் கண்காட்சி. அறை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கும். 2020 வரை சாதாரண வழக்குகளும் அதில் நடந்துகொண்டுதான் இருந்தன. போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள். ஊரின் தெற்கே நாஜிக் கட்சி மாநாடு நடத்திய மைதானமும் அப்படியே கிடக்கிறது, குளிர்காலத்தில் ஆளில்லாத அந்தக் கல் படிக்கட்டில் நின்றால் சந்தை வெளிச்சம் கொஞ்ச நேரத்துக்கு ஞாபகத்துக்கே வராது.

கூட்டத்தில் வண்டியை விட்டு ஏற்றுகிறார்கள் என்று செய்தியில் வருகிறது. பயமாக இருக்கிறது. (வேலூர்)

பயம் நியாயம்தான். 2016-இல் பெர்லினிலும் 2024-இல் மாக்டபர்க்கிலும் அப்படி நடந்தது, உயிர்கள் போயின. அதற்குப் பிறகு சந்தைக்குப் போகிற வழிகளில் கான்கிரீட் தடுப்பும் போலீஸும் இருக்கும், பையைச் சோதித்தால் கோபப்படாமல் காட்டுங்கள். அன்றாடத்தில் நடக்க அதிக வாய்ப்புள்ள விஷயம் பர்ஸ் அடிப்பதுதான். கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

எத்தனை நாள் தேவை, எங்கே தங்குவது, விசா எப்போது? (பெங்களூரு)

விசாவை முதலில் முடியுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், டிசம்பருக்குப் போகிறவர்கள் ஆகஸ்டிலேயே நேரம் வாங்கிவிடுவது நல்லது, தீபாவளி நெருங்கினால் இடம் கிடைக்காது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

ம்யூனிக்கில் இறங்கினால் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஃபிராங்க்பர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம். நான்கைந்து பேர் என்றால் ம்யூனிக்கிலிருந்து பவேரியா டிக்கெட் என்ற ஒரே சீட்டில் வட்டார ரயில்களில் நாள் முழுக்கப் போகலாம், வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும்.

நியூரம்பெர்க்கில் மூன்று இரவு. பகல் முழுக்க ஊர், சந்தை மாலையில் இரண்டு மணி நேரம் போதும், நாலே கால் மணிக்கே இருட்டிவிடும் என்பதால் ‘மாலை’ சீக்கிரம் வந்துவிடும். கோட்டைக்குப் போனால் ஆழ்கிணற்றை விடாதீர்கள். வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார், சத்தம் வருவதற்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அப்புறம் மெழுகுவத்தியை ஒரு தட்டில் வைத்துக் கீழே இறக்குவார், ஏறக்குறைய 50 மீட்டர். குழந்தைகள் இருந்தால் ராட்டினங்களோடு அவர்களுக்கென்று தனிச் சந்தை பக்கத்திலேயே உண்டு, பொம்மை அருங்காட்சியகமும் நடக்கிற தூரம். ஒரு நாள் பாம்பெர்க் போய் வாருங்கள், போரில் பெரிதாக அடிபடாத ஊர், அசல் பழமை வேண்டுமானால் அங்கேதான்.

பழைய நகரத்துக்குள் அறை விலை டிசம்பரில் யானை விலை. பக்கத்து ஊர் ஃப்யூர்த்தில் தங்குங்கள், மெட்ரோ இருக்கிறது. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று ஓடியது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான்.

எல்லாம் சரி, பனி பெய்யுமா? என் மகள் அதற்காகத்தான் வருகிறேன் என்கிறாள். (நாகர்கோவில்)

உறுதி சொல்ல முடியாது. டிசம்பர் தொடக்கத்தில் நியூரம்பெர்க்கில் மழைத் தூறலுக்குத்தான் வாய்ப்பு அதிகம், பெய்தாலும் மறுநாள் கரைந்துவிடும். பனியைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ம்யூனிக்கிலிருந்து கார்மிஷ் வரை ரயிலில் போய், அங்கிருந்து மலை ரயிலில் சுக்ஷ்பிட்ஸெ சிகரத்துக்கு ஏறுங்கள், ஜெர்மனியின் மிக உயரமான இடம், 2,962 மீட்டர், டிசம்பரில் அங்கே பனி இல்லாமல் போகாது. மலை ரயில் டிக்கெட் விலை கொஞ்சம் கடிக்கும், வானம் தெளிவாக இருக்கிறதா என்று காலையில் நேரலைக் கேமராவில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.